எண்களை நம்பி எட்டு நாள்

டிசம்பர் 26, வியாழன்

ஹவுரா ஸ்டேஷனில் இறங்கியதும் ஆவுடை என் தலையில் ஒரு குரங்குக் குல்லாயை மாட்டிவிட்டாள். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "இதுதானா உங்க ஊர்க் குளிரு?" என்றேன். "சாயங்காலம் பேசுக்கா" என்றாள். சாயங்காலம் நான் பேசவில்லை. குல்லாயோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆவுடை என் தங்கை. ரயில்வேக்காரரைக் கட்டிக்கொண்டு இருபத்துநாலு வருஷமாகக் கல்கத்தாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை இப்போது லைன் டியூட்டியில் வெளியூர் போயிருக்கிறார். வா வா என்று கூப்பிட்டு அலுத்துப் போயிருந்தவளுக்கு, நானாகவே போன் பண்ணி எட்டு நாள் வருகிறேன் என்றதும் சந்தேகம் வந்துவிட்டது. "உடம்புக்கு ஏதும் செய்யுதாக்கா?" என்றாள். ஊர் பார்க்க வருகிறேன் என்றேன்.

ஊர் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் அது மட்டும் இல்லை. சொந்த நோட்டில் பொய் எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

ஜனவரி 6 திங்கட்கிழமைக்குள் போஸ்ட்மாஸ்டருக்கு எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். பீட்டா, உள் வேலையா? பீட் என்றால் தபால்காரர் தினமும் நடக்கும் தெருக்களின் வரிசை. என்னுடையது ஒன்பது தெரு, அறுநூற்றுச் சொச்சம் வீடு. முதலில் அது என் வீட்டுக்காரர் நடந்த பீட். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்ததும் அவர் வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. முப்பத்தோரு வருஷமாக நான் நடக்கிறேன், இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

அக்டோபரில் ஓர் ஆட்டோக்காரன் ஹாரனே அடிக்காமல் வந்து என் சைக்கிளைத் தட்டிவிட்டான். அது போதாதென்று மூன்று வீட்டில் தபால் மாறிப் போனதாகப் புகார். நான் லீவு போட்டபோது என் இடத்துக்கு வந்த பையன் செய்த குளறுபடி அது. போஸ்ட்மாஸ்டர் நல்ல மனுஷர். "உலகம்மா, ஆனைக்கும் அடி சறுக்கும். இனிமே உள்ள உக்காந்து பிரிச்சுக் குடுங்க. வெயிலாவது மிச்சம்" என்றார். எனக்கு வெயிலை மிச்சம் பிடிக்கச் சொல்லி யார் கேட்டது? கண் டாக்டரிடம் போய்க் கடைசி வரி வரை கடகடவென்று படித்துக் காட்டிச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

சொந்த ஊரில் கால் பழகிப்போயிருக்கும், அதில் என்ன சோதனை? முன்பின் தெரியாத ஊரில், வழி கேட்காமல், போனில் பார்க்காமல், தினமும் நடந்து வீடு வந்து சேர வேண்டும். சேர்ந்துவிட்டால் பீட் எனக்கு. தவறினால் வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன். ஆவுடையிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டேன். பனிமூட்டத்தில் எதிர்வீடே தெரியவில்லை. முனைக் குழாயில் ஒருவர் வெற்றுடம்பில் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் டீக் குடிப்பவர் ஸ்வெட்டர், சால்வை, குல்லாய் எல்லாம் போட்டுக்கொண்டு நடுங்குகிறார். இருவரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

நான் டீக் குடித்தது மண் குவளையில். குடித்துவிட்டு அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எல்லோரும் ஓரமாக எறிகிறார்கள், எனக்குக் கை வரவில்லை. கழுவி எடுத்து வந்துவிட்டேன்.

இந்த ஊரில் குளிர்காலம் வந்தால் பஞ்சு அடிப்பவர்கள் தெருத் தெருவாக வருகிறார்கள். தோளில் வில் மாதிரி ஒன்று. அதன் நரம்பைத் தட்டிக்கொண்டே போகிறார்கள், டொய்ங் டொய்ங் என்று. ஒரு மாடியிலிருந்து பழைய மெத்தையைத் தூக்கிப் போட்டார்கள். நடுத்தெருவில் அதைக் கிழித்துப் பஞ்சை அடித்துப் பறக்கவிட்டு, முக்கால் மணியில் புது மெத்தையாகத் தைத்துக் கொடுத்தான் ஒருவன். முழுவதும் நின்று பார்த்தேன். என்னைக் கேட்பார் யார்?

எனக்கு இந்த ஊர் எழுத்து தெரியாது. ஆனால் கதவு எண்கள் பல இடங்களில் நமக்குத் தெரிந்த எண்களாக இருக்கின்றன. அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். 23 இருக்கிறது, அடுத்து 23/1, அப்புறம் 23/1/ஏ, 23/1/பி. அண்ணன் தம்பி பாகம் பிரித்ததும் நடுவில் சுவர் எழுப்பியதும் எண்ணிலேயே தெரிந்துவிடுகிறது. 41/2/சி என்று ஒரு கதவு, ஒரு ஆள் சாய்ந்து நுழையுமளவுக்குத்தான் இருக்கிறது. அந்தக் கடைசித் தம்பியை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்.

போன வழியே திரும்பி வருவது தபால்காரருக்கு ஆகாது. பீட்டே அப்படித்தான் அமைத்திருப்பார்கள், புறப்பட்ட இடத்துக்கு வேறு வழியாக வந்து சேருமாறு. இங்கேயும் அப்படியே செய்தேன். ஆவுடை தெருவில் இந்த முனை வழியாக வெளியே போனால், பின்பக்கத்துக் கோயில் சந்து வழியாக உள்ளே வருவது. பதினொரு மணிக்கு வந்துவிட்டேன். ஒருவரைக்கூட வழி கேட்கவில்லை.

இந்த ஊரில் ஒரு கெட்ட பழக்கம். ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்தில் முளைத்துவிடுகிறார்கள். இன்று மட்டும் மூன்று பேர் மேல் இடித்தேன். ஒரு ஆரஞ்சுக் கூடை வேறு உருண்டது. கூடைக்காரியோடு சேர்ந்து பொறுக்கிக் கொடுத்தேன். அவள் திட்டியது புரியவில்லை, அதுவும் ஒரு சௌகரியம்.

ஆவுடை லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கி வந்து எனக்காகச் சாம்பார் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், "என்னக்கா, ஊறுகாயத் தொடவே இல்ல?" என்றாள்.

"வச்சாத்தானளா தொடுவேன்."

இலையை மூடும்போது பார்த்தேன், ஊறுகாயும் உப்பும் ஓரத்தில் இருந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பியபோது வைத்திருப்பாள்.

டிசம்பர் 28, சனி

இன்று நல்ல காரியம் ஒன்று செய்தேன்.

காளிகாட்டுக்குத் தெற்கே ஒரு நீளமான சந்து. பெயர் என் வாயில் நுழையவில்லை. முனையில் சங்கு அறுத்து வளையல் செய்யும் கடை இருப்பதால் சங்குச் சந்து என்று பெயர் வைத்துக்கொண்டேன். சந்துதானே என்று நுழைந்தால் அது வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. பழைய காலத்து மாடி வீடுகள், பச்சை மரச் சன்னல்கள், வெயிலில் காயும் மெத்தைகள். ஒவ்வொரு வாசலிலும் மரத்தில் தபால் பெட்டி. ஒரே வாசலில் ஏழு பெட்டி தொங்குகிற வீடும் இருக்கிறது. கோயிலுக்குப் போனால் சிலையைப் பார்ப்பவர்கள் உண்டு, தூணைப் பார்ப்பவர்கள் உண்டு. நான் தபால் பெட்டியைப் பார்க்கிறேன்.

117ஆம் எண் வீட்டில் வாசல் தூண் ஒல்லி. அதனால் எண்ணை மேலிருந்து கீழாக எழுதியிருக்கிறார்கள், ஒன்று, அதன் கீழே ஒன்று, அதன் கீழே ஏழு. அந்த அழகைப் பார்க்க நின்றபோதுதான் கண்ணில் பட்டது. தூணில் தொங்கிய பெட்டியின் வாயில் ஒரு கடிதம், பாதி வெளியே நீட்டிக்கொண்டு. பேனாவால் எழுதிய உறை. முகவரியில் பெயர் இந்த ஊர் எழுத்தில் இருக்கிறது, எண் மட்டும் எனக்குத் தெரிந்தது. 17.

பதினேழாம் எண்ணின் கடிதத்தை நூற்றுப் பதினேழில் போட்டிருக்கிறான் இந்த ஊர்த் தபால்காரன்! முகவரியைப் பாராமல் வீசிவிட்டுப் போயிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மாதிரி ஆட்கள் செய்வதற்குத்தான் எங்களுக்குக் கெட்ட பெயர். ஊழியர் அல்லாதவர் தபாலைத் தொடக்கூடாது, ஆனால் நான் ஊழியர்தானே? உருவி எடுத்துக்கொண்டு சந்தின் மறுகோடி வரை நடந்தேன். கால் மணி நேரம் ஆனது. 17ஆம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. பெட்டியில் போட்டு, உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆவுடையிடம் சொன்னேன். சிரித்தாள். "லீவுக்கு வந்த எடத்துலயுமா? பூட்டிக் கெடக்குன்னா பூரிக் கடக்கரைக்குப் போயிருப்பாங்க. குளிர்காலம் வந்தா இங்கன பாதிப் பேரு ஊர்ல இருக்க மாட்டாங்க" என்றாள்.

போனால் என்ன, வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு மட்டும் எனக்கு இரண்டு மார்க் போட்டுக்கொள்ளலாம்.

டிசம்பர் 29, ஞாயிறு

சங்குச் சந்துக்கு மறுபடியும் போனேன். நேற்றைய காரியத்தின் பெருமைதான், வேறொன்றுமில்லை.

117இன் வாசலில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் தூணைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என் சேலைக்கட்டையும் மூக்குத்தியையும் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றார். தூக்கிவாரிப் போட்டது.

"வேலூர்ல எட்டு மாசம் இருந்தேன். மனைவிக்கு வைத்தியம். ரூம் எடுத்து, நாங்களே சமையல். அங்கே எல்லாரும் எனக்கு டீச்சர்" என்றார். மனைவி அங்கே பிழைத்து வந்து ஒன்பது வருஷம் இருந்தாராம். "ஒன்பது வருஷம் வேலூர் குடுத்தது" என்றார். பெயர் பிபூதி பாபு. நம்ம விபூதிதான். எழுபத்திரண்டு வயது, தனி ஆள். பாதி ஆரஞ்சை எனக்குக் கொடுத்தார். இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு.

நான் தபால்காரி என்றதும் எழுந்து நின்றுவிட்டார். அக்காவை இங்கே தீதி என்கிறார்கள். "தீதி, நீங்க சொல்லுங்க. லெட்டர் எப்பவும் இருபத்தஞ்சு, இருபத்தாறுக்கு வரும். இந்த மாசம் வரலை" என்றார்.

யாருடைய கடிதம் என்று கேட்டேன். அவருடைய தங்கையாம். பத்தொன்பது வருஷத்துக்கு முன் மலைப் பக்கம் ஓர் ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டாராம். அங்கே போன் கிடையாது, யாரும் போய்ப் பார்க்கவும் கூடாது. மாதம் ஒரு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான். பத்தொன்பது வருஷமும் ஒரு மாதம் தவறாமல் வந்திருக்கிறது. "அவளுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றார்.

"கிறிஸ்துமஸ் நேரம்யா, பை பையா வந்து குவியும். ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆகத்தான் செய்யும். கட்டாயம் வந்துரும்" என்றேன். எங்கள் தொழிலில் இப்படிச் சொல்லிப் பழக்கம். அவர் முகம் தெளிந்தது. இந்தச் சந்தின் தபால்காரன் எண்ணைக்கூடப் பார்க்காத ஆள் என்று சொல்ல வாய் வரை வந்தது. வயதானவரைப் பயமுறுத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 30, திங்கள்

பெரிய தபால் ஆபீசைப் பார்க்க மைதானம் வழியாக நடந்தே போனேன். ஆறு மைல் இருக்கும். பனிக்குள் குதிரைகள் மேய்கின்றன, பக்கத்திலேயே பத்து இடத்தில் கிரிக்கெட். எந்தப் பந்து எந்த ஆட்டத்துடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறதோ!

தபால் ஆபீசா அது, அரண்மனை. வெள்ளைக் கோபுரமும் தூண்களும். உள்ளே போய் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு கவுண்டரில் இருந்த பெண்ணிடம் என் அடையாள அட்டையைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே எழுந்து கை கொடுத்தாள். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அவளுக்குக் கட்டை விரலில் முத்திரை மை, எனக்குத் தோளில் பை தொங்கிய தழும்பு. காட்டிக்கொண்டோம். வாசலில் வந்து கொஞ்சம் அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை. பீட்டை விட்டுவிட்டால் நான் யார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, அதனால் இருக்கலாம்.

வரும் வழியில் சாலையைக் கடக்கும்போது ஒரு தள்ளுவண்டி, இரும்புக் கம்பி ஏற்றியது, எங்கிருந்தோ வந்துவிட்டது. மீன் கூடைக்காரி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இன்று நோட்டு எழுதியிருக்க மாட்டேன். அவள் வெகுநேரம் வைதாள். தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டி என்னவோ கேட்டாள். நன்றி என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கம்பி ஏற்றிய வண்டிக்கு மணி கட்ட வேண்டாமா? ஆவுடையிடம் சொன்னதற்கு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றாள். என் தங்கை என்றும் பாராமல் இரண்டு கொடுக்கலாம் என்று இருந்தது.

டிசம்பர் 31, செவ்வாய்

இருபத்துநாலு வருஷத்தில் ஆவுடைக்கு இலை போடும் முறைகூட மறந்துவிட்டது. இன்று நுனி வலது பக்கம் வருமாறு போட்டிருக்கிறாள், அசுபத்துக்குப் போடுகிற மாதிரி. வருஷக் கடைசி நாளில்! சண்டை போட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு, ஊறுகாய் எல்லாம் இன்று இருந்தன. பொரியல்தான் வைக்கவில்லை.

ஜனவரி 1, புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பிபூதி பாபுவுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லலாம் என்று ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு கடிதம்.

"வந்துட்டா? நான் சொன்னேம்லா!" என்றேன்.

"வந்தது" என்றார். "காலையில பதினேழாம் நம்பர் வீட்டுப் பொண்ணு கொண்டு வந்தது. அவங்க பூரி போயிருந்தாங்க. இன்னிக்குத் திரும்பி வந்து பெட்டி திறந்தா உள்ளே இது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே படித்துச் சொன்னார். தங்கையை மலையிலிருந்து தெற்கே வேறொரு ஆசிரமத்துக்கு மாற்றுகிறார்கள். போகும் வழியில் ஹவுராவில் ரயில் மாற வேண்டும். டிசம்பர் முப்பதாம் தேதி காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை, பெண்கள் காத்திருக்கும் அறை வாசலில் இருப்பேன். வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இனி இந்தப் பக்கம் வருவதற்கில்லை என்று எழுதியிருந்தார்.

"பத்தொன்பது வருஷம், தீதி. மூணு மணி நேரம் அவ உக்காந்திருப்பா. நான் இங்கே வெயில்ல ஆரஞ்சு சாப்பிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "நானாங்காட்டி அதப் பதினேழுல கொண்டு போட்டேன். உங்க தபால்காரன் அதை இங்க போட்டுட்டுப் போயிருந்தான். ஒறையில பதினேழுன்னுதானே..." என்று சொல்லிக்கொண்டே உறையை வாங்கிப் பார்த்தேன். பதினேழுதான். காட்டினேன். "பாருங்க, 17."

அவர் என் முகத்தைப் பார்த்தார். உறையை என் கையிலிருந்து வாங்கி, என் வலது பக்கமாக நகர்த்திப் பிடித்து, எண்ணின் மேல் விரலை வைத்தார். "ஒண்ணு. ஒண்ணு. ஏழு."

இருந்தது. முதலில் ஓர் ஒன்று இருந்தது. மை மங்கவில்லை, கோணலாகவும் இல்லை. மற்ற இரண்டைப் போலவே தெளிவாக நின்றுகொண்டிருந்தது. அவர் உறையைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார், அது போய்விட்டது. மறுபடி நகர்த்தினார், வந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "உங்க ஊர்ல எல்லார் லெட்டரும் நீங்கதான் குடுக்கறீங்களா?"

"ஆமா" என்றேன்.

சந்தேஷ் பெட்டியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. வரும்போது வழி தவறிவிட்டது. கோயில் சந்து கிடைக்கவில்லை. ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்து ஆவுடையிடம் பேசச் சொன்னேன். அவள் வந்து கூட்டிப்போனாள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், சோதனை உட்பட. அவள் என் எதிரே உட்கார்ந்து, "என் மூக்கையே பாருக்கா" என்றாள். இரண்டு கையையும் விரித்து, விரலை ஆட்டினாள்.

"எத்தன கை ஆட்டுதேன்?"

"ஒண்ணு."

"ரெண்டுக்கா" என்று அழுதாள். இலையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது அதற்குத்தானாம், அன்று பொரியல் இடது ஓரத்தில் இருந்ததாம். இரண்டு நாளாக எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

அந்த மூன்று புகாரையும் நான் மறக்கவில்லை. 112க்கு உரியது 12க்குப் போனது. 36க்கு உரியது 6க்கு. 141க்கு உரியது 41க்கு. மூன்றும் மூன்று வெவ்வேறு நாள் தபால். அக்டோபரில் நான் லீவு போட்டது ஒரே ஒரு நாள்தான். அந்தப் பையன் மூன்று நாள் எப்படித் தவறு செய்திருப்பான்? இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவன் தலையில் போட்டேன். அவனுக்கு இந்த வருஷம் வேலை நிரந்தரமாக வேண்டும்.

புகார் கொடுத்தவர்கள் மூன்று பேர். கொடுக்காதவர்கள் எத்தனை பேரோ. யார் எந்த ஸ்டேஷனில் காத்திருந்தார்களோ.

ஜனவரி 2, வியாழன்

காலையில் கண் டாக்டர். இருட்டு அறையில் ஒரு கிண்ணத்துக்குள் பார்க்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் புள்ளியே வரவில்லையே என்று காத்துக்கொண்டிருந்தேன். புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்தனவாம். கண்ணில் கோளாறு இல்லை, கண்ணுக்குப் பின்னால் மூளையில் எப்போதோ ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், இரண்டு கண்ணிலும் இடது பக்கப் பார்வை குறைந்திருக்கிறது என்றார். ஊர் போனதும் ஸ்கேன் எடுக்க வேண்டும். தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். வண்டி ஓட்டக் கூடாது. எல்லாவற்றையும் ஆவுடைதான் கேட்டுக்கொண்டாள்.

மத்தியானம் போஸ்ட்மாஸ்டருக்கு எழுதினேன். மூன்று முறை கிழித்துப் போட்டு நாலாவது முறை நேராக வந்தது. பீட்டை விட்டுவிடுகிறேன். அந்த மூன்று புகாரும் என் தவறு, அந்தப் பையன் பேரில் குறை எதுவும் இல்லை. அக்டோபரிலிருந்து நான் கொடுத்த தபால்களைப் பற்றி அந்த ஒன்பது தெருவிலும் விசாரித்துப் பார்க்க வேண்டும். கேட்டு வருவதற்கு நானும் கூட வருகிறேன்.

திங்கட்கிழமை நேரிலேயே கொடுக்கலாம். ஆனால் அந்தத் தெருக்களைப் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடும், என்னை எனக்குத் தெரியும். அதனால் தபாலில் போடுவது என்று முடிவு. போய்ச் சேரப் பிந்தினாலும் முத்திரையில் தேதி இருக்கும். ஆவுடையை முகவரியைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறது என்றாள். ஒரு முகவரி எழுதிவிட்டு இன்னொருவரைப் பார்க்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் இருவருமாகச் சங்குச் சந்துக்குப் போனோம். மன்னிப்புக் கேட்பதற்கு எனக்கு அவர் பாஷையும் தெரியாது, அவருக்குப் புரியுமளவுக்கு நல்ல தமிழும் வரவில்லை. ஆவுடை டாக்டர் சொன்னதை வங்காளத்தில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே போய் டீப் போட்டு எடுத்து வந்தார். என் டம்ளரை என் வலது கைப் பக்கமாக வைத்தார்.

தங்கைக்குப் பதில் எழுதி முடித்திருந்தார், புது ஆசிரமத்து முகவரிக்கு. "எழுதிட்டேன். உடம்பு நல்லா இருக்கு, லெட்டர் லேட்டா வந்தது, அவ்வளவுதான்" என்றார். என்னைப் பற்றி எழுதவில்லையாம்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். காலுக்கு முடியவில்லை, தபால் பெட்டி வரை போக வேண்டும் என்றார். நான் கையை நீட்டினேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம், யார் கையில் கடிதம் இருந்தாலும் என் கை தானாக நீளும்.

அவர் அதை ஆவுடையிடம் கொடுத்தார்.

ஜனவரி 3, வெள்ளி

மத்தியானம் ரயில். காலையில் இரண்டு கடிதத்தையும் போட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். "பெட்டி எங்கனளா இருக்கு?" என்றேன். "நம்ம தெருவுலதான்" என்றாள். எட்டு நாளாக இந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன், நான் பார்க்காத தபால் பெட்டியா என்று கேட்கவில்லை. கேட்கும் நிலையில் நான் இல்லை.

ஆவுடை என் இடது பக்கம் வந்துகொண்டாள். கையைப் பிடிக்க வந்தாள், வேண்டாம் என்றேன். "என்ன இருக்குன்னு மட்டும் சொல்லு, நான் திரும்பிப் பாத்துக்கிடுதேன்."

"மஞ்சக் கலர்ல ஒரு பள்ளிக்கூடம்."

திரும்பினேன். ஆமாம், மஞ்சள் பள்ளிக்கூடம். சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த மீன்கள்.

"இஸ்திரி போடுதவர். அவரு வண்டிக்குக் கீழ ஒரு பூன."

அதுவும் இருந்தது. சாம்பல் நிறம், குளிருக்கு இஸ்திரி வண்டியின் அடியில் சுருண்டு கிடந்தது. அடுத்து வெல்லம் விற்பவர், பானை பானையாக. அடுத்து ஒரு பாட்டு வாத்தியார் வீடு, சன்னல் திறந்திருக்க உள்ளே ஆர்மோனியம். ஒரு மாடியில் சாமந்தித் தொட்டிகள், ஒவ்வொரு பூவும் சோற்றுத் தட்டு அகலம். பார்க்கப் பார்க்க எனக்கு ஆசை தாங்கவில்லை. "அப்புறம்? அப்புறம்?" என்று அவளைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். எட்டு நாள் கல்கத்தாவைப் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். பாதியைத்தான் பார்த்திருக்கிறேன். போன வழியே ஒரு நாளாவது திரும்பி வந்திருந்தால் இந்தப் பக்கம் வலது பக்கமாகி இருக்கும்.

முனைக்கு நாலடி முன்னால் ஆவுடை நின்றாள். நான் தலையை நன்றாகத் திருப்பினேன். சிவப்புத் தபால் பெட்டி, இரும்பில், என் நெஞ்சு உயரத்துக்கு. நான் தினமும் காலை ஏழு மணிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அவள் பிபூதி பாபுவின் கடிதத்தைப் போட்டாள். நான் என்னுடையதைப் போட்டேன். பெட்டியில் தபால் எடுக்கும் நேரம் எழுதியிருந்தது. இடது ஓரத்திலிருந்து தொடங்கி, தலையை மெதுவாக நகர்த்தி, ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். "பத்தரை மணி" என்றேன்.

ஆவுடையும் படித்துப் பார்த்துவிட்டு, "சரிதாங்க்கா" என்றாள்.